நீர் ஒட்டாப் பூச்சு: ஜொகூர்க் காட்டுப் பாலிலிருந்து புளோரின் வரை

சேம்பிலையில் ஊற்றிய நீர் ஒரு துளியும் தங்காமல் ஓடிவிடும். அறிவுரை ஏறாத செவிக்கு அதனை உவமையாக்கினர் மலாய் மக்கள். தாமரை இலைத் தண்ணீரைப் பற்றற்ற வாழ்வுக்கு உவமையாக்கினர் தமிழர். இலையின் இயல்பு ஒன்றே. ஒரு மொழியில் அது குறையாயிற்று, மற்றொரு மொழியில் நிறையாயிற்று. மழையும் ஈரமும் மிகுந்த நாடுகளில் வாழும் மனிதன் அவ்விலையைக் கண்டு வேறொரு கேள்வியும் கேட்டிருக்கிறான். அந்த இலையின் தோலைத் துணிக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் போர்த்த முடியாதா என்பதே அக்கேள்வி.

அதற்கு விடை தேடிய கதை நெடியது. அதில் மூன்று சிக்கல்கள் இருந்தன. நீரை விலக்கும் பொருள் எது? அப்பொருளை மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகப் படியச் செய்வது எப்படி? படிந்த பூச்சை எவ்வளவு சூட்டில் இறுக்குவது? இன்றைய ஆராய்ச்சிக்கூடங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரு விடை கூறுகின்றன. புளோரின் கலந்த பூச்சுப் பொருளை மின்சாரத்தால் படியவைத்து, குறைந்த சூட்டில் இறுக்குகின்றனர். இது நேற்று முளைத்த புதுமை போலத் தோன்றும். ஆயினும் அதன் வேர்களில் ஒன்று ஜொகூர்க் காட்டிலும், மற்றொன்று ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையிலும் ஊன்றியிருப்பதைப் பலர் அறியார்.

பச்சைப் பானையும் சுட்ட பானையும்

இறுக்குதல் என்பது யாது? குயவர் வீட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெயிலில் உலர்ந்த பச்சைப் பானை பார்ப்பதற்குப் பானையே. ஆனால் ஒரு மழையில் கரைந்து மண்ணாகிவிடும். சூளையில் வெந்த பின் அதே மண் நீரைத் தாங்கி நிற்கும். பூச்சுகளின் நிலையும் இதுவே. பூசிய பிசினோ பாலோ உலர்ந்தால் மட்டும் போதாது. அதனுள் நூலிழைபோல நீண்டு கிடக்கும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாக வேண்டும். தனித்தனி நூல் இழுத்தால் உருவிக்கொண்டு வரும்; வலை வராது. இந்த முடிச்சு விழுவதற்குப் பெரும்பாலும் சூடு தேவை.

சூடு தேவை என்ற இடத்திலேதான் தொல்லையும் பிறக்கிறது. மண்பானை நெருப்பைத் தாங்கும். துணி தாங்காது, மரம் தாங்காது, பிளாஸ்டிக் தாங்காது. தாங்கும் இரும்பைச் சுடுவதற்கும் எரிபொருள் செலவாகும். ஆகவே நீர் ஒட்டாப் பூச்சின் வரலாற்றில், சூட்டை எவ்வாறு குறைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்தது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டது. அவ்விடைகளுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

தெமெங்கோங் காலத்துக் காட்டுப் பிசின்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், ரப்பர் மரம் மலாயாவில் காலடி வைப்பதற்கு முன்பே, ஜொகூர்க் காடுகளில் மற்றொரு பால் மரம் இருந்தது. அதன் பிசினைக் கட்டாபெர்ச்சா என்பர். மரம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிசினையும் மரப்பாலையும் குறிக்கும் மலாய்ச் சொல் ‘கெத்தா’ என்பது. தோட்டத் தமிழில் வழங்கும் ‘கித்தா’ அதன் திரிபே.

இப்பிசினுக்கு ஓர் அரிய குணம் உண்டு. வெந்நீரில் இட்டால் மாவு போல இளகும். விரும்பிய வடிவில் பிடித்து வைத்தால், ஆறியதும் கெட்டியாகும். சூளையும் வேண்டா, கந்தகமும் வேண்டா. மலாய் மக்கள் அதனைப் பாராங் கத்திக்குப் பிடியாகப் போட்டு வந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி அதைக் கண்டு, 1843ஆம் ஆண்டையொட்டி லண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார். 1848இல் மைக்கேல் பாரடே அது மின்சாரத்தைக் கசியவிடாத பொருள் என எடுத்துக்காட்டினார். ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் செப்புக் கம்பிக்கு அதைத் தடையின்றிப் போர்த்தும் வழி கண்டார். கடலடியில் தந்திக் கம்பி போடும் எண்ணம் அதன் பின்னரே கைகூடியது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி வேலை செய்தது. 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பி நிலைத்தது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த கம்பியும் இந்தப் பிசினையே போர்த்திக்கொண்டு வங்கக் கடலின் அடியில் கிடந்தது.

நீர் புகாத பூச்சு, மின்சாரத்தைக் காக்கும் பூச்சு, வெந்நீர்ச் சூட்டில் இளகிப் படியும் பூச்சு. முதற் கேள்விக்கு இதனினும் எளிய விடை கிடைத்ததில்லை. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் இவ்வாணிகத்தைத் தம் கையில் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். பின்னாளில் ஜொகூர் ஒரு நவீன அரசாக எழுந்ததற்கு அச்செல்வமும் ஓர் அடித்தளமாயிற்று.

விலையைக் கொடுத்தது காடு. ரப்பர் மரத்தைப் போல அம்மரத்தைக் கீறி நாள்தோறும் பால் எடுக்க இயலாது. கீறிய இடத்திலேயே பால் உறைந்துவிடும். ஆகவே மரத்தை வெட்டிச் சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாகக் கீறி, வடிந்த சிறிதளவு பிசினைத் திரட்டினர். பல ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒரே நாளில் முடிந்தது. சிங்கப்பூரில் அம்மரம் விரைவில் அருகியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் தீபகற்பத்தின் எளிதில் எட்டக்கூடிய காடுகளிலும் அதைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. சூளை எரிக்காமல் கிடைத்த பூச்சுக்குக் காடு கரைந்தது.

கந்தகமும் நஞ்சும்

இதே காலத்தில் ஐரோப்பாவில் ரப்பரின் கதை வேறு வழியில் சென்றது. 1736இல் தென் அமெரிக்காவிலிருந்து லா கொண்டமின் என்னும் பிரெஞ்சு அறிஞர் ரப்பர் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார். அமேசான் காட்டு மக்கள் அதற்கு முன்பே அப்பாலில் காலணியும் குப்பியும் செய்து வந்தனர். 1823இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே தடவி மழைச்சட்டை செய்தார். அது மழையைத் தடுத்தது. ஆனால் குளிரில் பலகை போல விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. பச்சைப் பானையின் கதைதான்.

1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சுட்டால் ரப்பர் இறுகும் எனக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் அதே முறைக்கு உரிமை பதிந்தார். உரோமர்களின் நெருப்புக் கடவுளான வல்கன் பெயரால் அதனை வல்கனைசு என்றனர். ரப்பர் மூலக்கூறுகளுக்கிடையே கந்தக அணுக்கள் பாலமிட்டு முடிச்சுப் போடுவதே அதன் உட்பொருள். ஆனால் 140 பாகை சென்டிகிரேடு அளவில் நெடுநேரம் சுட வேண்டும். மெல்லிய துணியும் சாயமும் அதற்கு ஈடுகொடுப்பது அரிது.

ஆகவே சூட்டைக் குறைக்கும் வழியைத் தேடினர். 1846இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் குளிர்முறையைக் கண்டார். கந்தகக் குளோரைடை கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தில் கரைத்து, மெல்லிய ரப்பர்ப் பொருளை அதில் முக்கி எடுத்தால், அடுப்பே இல்லாமல் இறுகிவிடும். மழைத் துணிக்கும் பலூனுக்கும் மிகவும் ஏற்ற முறை. ஆனால் அத்திரவம் எளிதில் ஆவியாவது. ஆவியோ நரம்பைத் தாக்கும் நஞ்சு. பாரிசு நகரில் ஆகுஸ்த் டெல்பெக் என்னும் மருத்துவர் 1856இலும் 1863இலும் அத்தொழிலாளரின் நோயை விரிவாக எழுதினார். தலைவலி, நினைவு தடுமாற்றம், காரணமற்ற ஆவேசம், பின் கால்களின் சோர்வு என நோய் வளர்ந்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஆலிவர் 1902இல் எழுதியபோது, மதி கலங்கிய தொழிலாளர் வெளியே குதித்துவிடாதபடி ஒரு தொழிற்சாலையின் சாளரங்களுக்குக் கம்பி போட்டிருந்ததைக் குறிப்பிட்டார். அடுப்பின் சூடு குறைந்தது. அந்தச் சூடு தொழிலாளியின் மூளையில் ஏறியது.

நல்ல வழி இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1906இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர், சில சேர்மங்களைச் சிறிதளவு கலந்தால் வல்கனைசு விரைவுபடும் எனக் கண்டார். அவற்றை முடுக்கிகள் எனலாம். பின்னர் வந்த வலிய முடுக்கிகள், இறுகும் சூட்டை நீர் கொதிக்கும் அளவுக்கும் அதற்குக் கீழும் இறக்கின. 1920களின் தொடக்கத்தில் பிலிப் ஷிட்ரோவிட்ஸ் ரப்பர்ப் பாலைப் பாலாக இருக்கும்போதே வல்கனைசு செய்துவிட்டார். அப்பாலைப் பூசி உலர்த்தினாலே போதும்; தனியே சுட வேண்டுவதில்லை. ரப்பரை நச்சுத் திரவத்தில் கரைக்காமல், நீரில் மிதக்கும் பாலாகவே பயன்படுத்தும் காலம் இவ்வாறு வந்தது.

பால் கொட்டகையின் மின்சாரம்

1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கட்டாபெர்ச்சாவின் அழிவை அறிந்தவர்க்கு இம்முறையின் பெருமை விளங்கும். 1909இல் கெமாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே இரயில் பாதை முடிந்தபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனப் பாதையின் இருபுறமும் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்த மக்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டுக்காட்டுக்குச் சென்று, மங்கு மங்காகப் பால் சேர்த்தனர். மழை பெய்தால் பால் கரைந்து ஓடும். அன்று வெட்டு இல்லை. நாட்கூலிக் காலத்தில் வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. உலகத்து மழைச்சட்டைகளுக்குப் பால் கொடுத்தவர்கள் வாழ்வை மழையே அளந்தது.

அந்தப் பாலைப் பற்றித் தோட்டப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. வாளியில் வந்த பாலைத் தண்ணீர் விட்டு இளக்கி, பார்மிக் அமிலம் சிறிது ஊற்றினால் தயிர் போல உறையும். கெட்டியாகாமல் நெடுநாள் வைத்திருக்க வேண்டுமானால் அம்மோனியா ஊற்ற வேண்டும். ஏன் அமிலம் உறையச் செய்கிறது? ஏன் அம்மோனியா காக்கிறது?

விடை மின்சாரத்தில் இருக்கிறது. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர்; எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பர் நுண்ணிய உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பும் ஆகிய மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அத்தோல் எதிர்மின்னேற்றம் உடையது. ஒரே வகை மின்னேற்றம் உடையவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் மிதக்கின்றன. அமிலத்திலுள்ள நேர்மின்னேற்றத் துகள்கள் அந்த எதிர்மின்னேற்றத்தைத் தணித்துவிடுகின்றன. தள்ளுவது நின்றதும் உருண்டைகள் கூடி உறைகின்றன. அம்மோனியா அமிலத்தன்மை எழாமல் தடுத்து மின்னேற்றத்தைக் காக்கிறது. பால் கொட்டகையில் நாள்தோறும் நடந்தது ஒரு மின்சாரப் பாடமே.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் மின்சாரத்தால் நகரும் என்பதை 1807இல் மாஸ்கோ நகரில் ரெயுஸ் என்பவர் களிமண்ணைக் கொண்டு காட்டியிருந்தார். அதனை ரப்பர்ப் பாலுக்குப் பொருத்தினால் என்ன? எதிர்மின்னேற்றம் உடைய உருண்டைகள் நேர்மின் முனையை நோக்கி ஓடும். அம்முனையில் நீர் சிதைந்து அமிலத்தன்மை தானே உண்டாகும். ஓடிவந்த உருண்டைகள் அங்கேயே உறைந்து தோலாகப் படியும். கிராணி ஊற்றிய அமிலத்தின் வேலையை இங்கு மின்முனை தானே செய்துகொள்கிறது. 1920களில் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஷெப்பர்டும் எபர்லினும், ஹங்கேரியில் பால் கிளைனும் தனித்தனியே இம்முறையை வளர்த்தனர். நேர்மின் முனையில் எழும் ஆக்சிஜன் குமிழிகள் தோலில் துளையிட்டன. துத்தநாக முனையைப் பயன்படுத்தியும், நுண்துளை உள்ள அச்சுகளை வைத்தும் அத்தொல்லையை நீக்கினர். கையுறை போன்ற மெல்லிய பொருள்களும், இரும்புக்கு ரப்பர்த் தோலும் இம்முறையில் செய்யப்பட்டன.

பின்னாளில் இதனினும் எளிய வழி வந்தது. பீங்கான் கையச்சை முதலில் கால்சியம் உப்புக் கரைசலில் முக்கி, பிறகு பாலில் முக்கினால், நேர்மின்னேற்றம் உடைய கால்சியம் துகள்களே உருண்டைகளை உறையச் செய்யும். கம்பியும் மின்கலமும் இல்லாத மின்சாரம் அது. கையுறை உற்பத்தியில் உலகின் முன்னணி நாடாக விளங்கும் மலேசியாவின் தொழிற்சாலைகளில், செயற்கை ரப்பர்ப் பாலிலும் இவ்வடிப்படையே இன்றும் இயங்குகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். அம்மோனியா கலந்த ரப்பர்ப் பாலை நீர் விட்டு இளக்கி, காற்றோட்டமான இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்து, இரு துத்தநாகத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, சிறிய மின்கலத்தோடு இணைத்தால், சில நிமிடங்களில் நேர்முனைத் தகட்டில் மட்டும் வெண்தோல் படிந்திருப்பதைப் பிள்ளைகள் காண்பர்.

தொட்டியில் மூழ்கிய கார்கள்

தோட்டத்துப் பாலில் கண்ட உண்மை கார்த் தொழிலுக்குச் சென்ற கதை அடுத்தது. கார் உடலின் உட்புறத்தில் தூரிகை புகாத பொந்துகள் பல. துரு அங்கேதான் தொடங்கும். அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் புரூவர், வண்ணப் பிசினையே ரப்பர்ப் பால் போல மின்னேற்றத்தோடு நீரில் மிதக்கவிட்டார். 1961இல் சக்கரங்களையும் 1963இல் கார் உடல்களையும் அத்தொட்டியில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சினர்.

இம்முறையின் சிறப்பு ஒன்று வியக்கத்தக்கது. பூச்சுப் படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே மின்சாரம் இன்னும் படியாத இடத்தைத் தானே தேடிச் செல்லும். வெளிப்புறம் மூடியபின் உட்புறப் பொந்துகளும் மூடப்படும். எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே கனம். அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. கரைப்பானாகப் பெரும்பாலும் நீரே பயன்படுவதால், தீப்பிடிக்கும் அச்சமும் நச்சு ஆவியும் வெகுவாகக் குறைந்தன. இரண்டாம் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

நேர்முனையில் வைத்த இரும்பு சிறிது கரைந்துவிடும் குறையும் இருந்தது. 1970களில் முனையை மாற்றினர். பிசினுக்கு நேர்மின்னேற்றம் கொடுத்து, காரை எதிர்முனையாக்கினர். துருவைத் தடுக்கும் ஆற்றல் பன்மடங்கு உயர்ந்தது.

மூன்றாம் கேள்வி மட்டும் நின்றது. இப்பூச்சில் முடிச்சுப் போடும் பொருள் ஐசோசயனேட் எனப்படும் சேர்மம். அதனை அப்படியே தொட்டியில் விட்டால் நீரோடு சேர்ந்து கெட்டுவிடும். எனவே அதன் கைகளுக்கு உறை மாட்டித் தொட்டியில் விட்டனர். அடுப்பில் சூடேறும்போது உறை கழன்று, கைகள் விடுபட்டு முடிச்சுப் போடும். உறை கழலுவதற்கு 160 முதல் 180 பாகை வரை சூடு வேண்டியிருந்தது. இன்றைய காரில் பிளாஸ்டிக் உறுப்புகளும் மெல்லிய உலோகக் கலவைகளும் மிகுதி. அவை அச்சூட்டைத் தாங்கா. அடுப்புக்குச் செலவாகும் எரிபொருளும் பெரிது. ஆகவே 140, 120 என்ற அளவுகளிலேயே கழலும் உறைகளையும், கழலுவதைத் தூண்டும் ஊக்கிகளையும் வேதியியலார் ஆக்கி வருகின்றனர். குறைந்த சூட்டில் இறுக்கும் ஆராய்ச்சியில் இந்த உறையை எளிதில் கழற்றும் வேலையே பெரும்பங்கு.

எதிலும் ஒட்டாத பொருள்

இனி நீரை விலக்கும் பொருள். 1886இல் பிரான்சின் ஹென்றி மொய்சான் புளோரின் வாயுவைத் தனியே பிரித்தார். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் டூபாண்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்பவர் ஒரு வாயுக் குப்பியைத் திறந்தபோது வாயு வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்பொடி. டெப்லான் என்று பின்னர் பெயர் பெற்ற பொருள் அது. கரிமமும் புளோரினும் பிடித்துக்கொண்ட பிடி, கரிம வேதியியலின் ஒற்றைப் பிணைப்புகளுள் மிக வலியது. அப்பொருளை அமிலம் அரிக்காது. நீரும் எண்ணெயும் ஒட்டா.

ஆனால் எதிலும் ஒட்டாத பொருள் இரும்பிலும் ஒட்டாதே! மேலும் அது 327 பாகையில்தான் இளகத் தொடங்கும். பூச்சாக்க அதற்கும் மேலே சுட வேண்டும். 1950களில் பிரெஞ்சுக்காரரான மார்க் கிரெகுவார் அலுமினியச் சட்டியின் பரப்பை அமிலத்தால் அரித்து நுண்பள்ளங்களாக்கி, அதில் இப்பொருளைப் பற்றவைத்தார். சமையற்சட்டிக்கு அது சரி. துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. 1982இல் ஜப்பானின் அசாகி கண்ணாடி நிறுவனம் ஒரு நடுவழி கண்டது. மூலக்கூற்றுச் சங்கிலியில் புளோரின் உள்ள கண்ணியையும், கரையும் தன்மையும் முடிச்சுப் போடும் கையும் உள்ள கண்ணியையும் மாறி மாறிக் கோத்தனர். அப்பூச்சு அறைச்சூட்டிலேயே இறுகும். 1998இல் திறந்த அகாசி கைக்கியோ தொங்கு பாலத்தின் மேற்பூச்சு புளோரின் வகையே.

இத்தகைய சங்கிலியில் மின்னேற்றம் கொள்ளும் கண்ணியையும் கோத்துவிட்டால், அது ரப்பர்ப் பால் போல நீரில் மிதக்கும், மின்முனைக்கு ஓடும், படியும், உறை கழன்றதும் இறுகும். மூன்று ஆறுகளும் இங்குதான் கூடுகின்றன. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. பூச்சு இளகியிருக்கும் நேரத்தில் புளோரின் பகுதிகள் காற்றுப் பக்கம் மேலெழுந்து வருகின்றன; நீரை விலக்கும் தோல் அவ்வாறே அமைகிறது. முடிச்சு மிக விரைவில் விழுந்துவிட்டால் அவை மேலெழ நேரமில்லை. மிகத் தாமதித்தால் பூச்சு வழியும். குறைந்த சூட்டில் இறுக்குவோர் சூட்டோடு காலத்தையும் அளக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

1805இல் தாமஸ் யங், நீர்த்துளி ஒரு பரப்பில் அமரும் கோணத்தைக் கொண்டு ஒட்டும் தன்மையை அளக்கலாம் என்றார். மிக மென்மையான புளோரின் பரப்பிலும் அக்கோணம் ஏறத்தாழ 120 பாகையைத் தாண்டுவதில்லை. தாமரை இலையிலோ 150க்கும் மேல். காரணத்தை 1997இல் ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹுய்சும் தெளிவாக்கினர். தாமரை இலையில் புளோரின் இல்லை. மெழுகும், கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் மட்டுமே உள்ளன. துளி மேடுகளின் நுனியில், காற்றின் மேல் அமர்கிறது. குளத்து இலை எச்சூளையிலும் வேகாமல், எந்நஞ்சும் சேராமல் அதைச் செய்துகொள்கிறது.

விலை எங்கே போயிற்று?

புளோரின் பூச்சுகளின் வலிமையே அவற்றின் குற்றமாகவும் ஆயிற்று. வெயிலிலும் மழையிலும் சிதையாத பிணைப்பு, ஆற்றிலும் மண்ணிலும் உடலிலும் சிதைவதில்லை. 1950களிலிருந்து துணிக்கு நீர் ஒட்டாமை தந்த சேர்மங்களும், புளோரின் பிசின்களை ஆக்குவதற்குத் துணை நின்ற சேர்மங்களும் உலகெங்கும் நீரிலும் மனித இரத்தத்திலும் காணப்பட்டன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றுள் ஒன்றை 2009இலும், இன்னொன்றை 2019இலும், மூன்றாவதை 2022இலும் தன் பட்டியலில் சேர்த்தது. துணிப்பூச்சில் முன்னோடியாக இருந்த 3எம் நிறுவனம், இவ்வகைப் பொருள்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 2022இல் அறிவித்தது. இறுகிய பூச்சு வேறு, அதை ஆக்க உதவும் சிறு சேர்மங்கள் வேறு என்பது உண்மையே. ஆயினும் பூச்சு ஆக்கும் இடத்திலும், அது பழுதாகி எரியும் இடத்திலும் கணக்குக் கேட்கப்பட வேண்டும் என்பதும் உண்மை.

ஜொகூர் மக்களுக்கு இது தொலைவுச் செய்தியன்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது புளோரின் கழிவன்று. ஆனால் தொழிற்சாலையின் மிச்சம் ஆற்றுக்கு வந்தால் முதலில் மூச்சுத் திணறுவது யார் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

கட்டாபெர்ச்சாவுக்குக் காடு விலை கொடுத்தது. பார்க்சின் குளிர்முறைக்குத் தொழிலாளி விலை கொடுத்தான். புளோரினுக்கு நீர் விலை கொடுக்கிறது. இம்மூன்றுக்கும் இடையே, ரப்பர்ப் பாலிலிருந்து பிறந்த மின்படிவு முறை வேறுபட்டு நிற்கிறது. மரத்தைக் கொல்லாத வெட்டு, நஞ்சுக்குப் பதில் நீர், தூரிகைக்குப் பதில் பாலுக்கு இயல்பாக உள்ள மின்னேற்றம் என, அது இயற்கை கொடுத்ததைக் கொண்டே வேலை செய்தது. ஆகவே இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் மின்படிவையும் குறைந்த சூட்டையும் வைத்துக்கொண்டு, புளோரினுக்குப் பதிலாகத் தாமரை இலையின் மெழுகையும் நுண்மேட்டையும் நாடுவது பொருத்தமே.

ஜொகூரின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. பெரட்டு மணியும் பால் கொட்டகையும் பல ஊர்களில் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. ஆயினும் வாளிப்பாலில் அமிலம் ஊற்றி அது உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பயில்கின்றனர். தங்கள் பாட்டன் சுமந்த வாளியில் இருந்தது கூலிக்குரிய சுமை மட்டுமன்று, உலகத் தொழிற்சாலைகள் பின்னர் கற்றுக்கொண்ட ஒரு விஞ்ஞானமும் ஆகும் என்பதை அவர்கள் அறிய வேண்டும். அதனை எடுத்துச் சொல்லும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு.